கம்பிக்கு வெளியே

பள்ளத்து நிலத்தில் எப்போதும் தண்ணீர் உண்டு. குளம் மாதிரி நிற்காது. காலை வைத்தால் விரலிடுக்கில் ஊறி வரும், எடுத்தால் போய்விடும். மேலே வீடு. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை. கொட்டகையிலிருந்து மாட்டுத்தடம் சரிந்து இறங்கி ஓடையில் போய் முட்டும். ஓடைக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடப்பதுதான் பள்ளம். உழப் போனால் ஏர் புதையும். சுவர் வைத்தால் அடுத்த மழைக்கு வெடிக்கும். புல் ஒன்றுதான் அங்கே சொன்ன பேச்சைக் கேட்டு வளர்ந்தது. புல்லோடு புல்லாக அந்தப் பூவும்.

படித்தவர்கள் அதைக் காட்டு ஆர்க்கிட் என்பார்கள். அந்த வீட்டில் குருவிவாய் என்று பேர். ஒரு சாண் தண்டு, அதைச் சுற்றிச் சுற்றிக் கீழிருந்து மேலாக வெள்ளைப் பூக்கள். ஒவ்வொன்றும் இரை கேட்டு வாயைப் பிளந்த குஞ்சு போல இருக்கும், உதட்டில் மட்டும் ஊதாப் புள்ளி. பகலில் வாசம் கிடையாது. வெயில் சாய்ந்து பால் கறக்கிற நேரத்துக்குத்தான் கிளம்பும், மேலேறிக் கொட்டகை வரைக்கும் வரும். பெருநகரத்து ஆஸ்பத்திரியில், பினாயில் போட்டுத் துடைத்த வராந்தாவில் நின்றுகொண்டு அந்த வீட்டில் பிறந்த நர்சம்மா எத்தனையோ தடவை அந்த வாசத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்திருக்கிறாள். பாதிதான் வரும். மீதிப் பாதி சாணி என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

வேலைக்காலம் முடிந்து, முழங்கால் இரண்டும் தேய்ந்து, இரண்டு பெட்டிகளோடு அவள் வீட்டுக்கே வந்துவிட்டபோது குருவிவாய் பூக்கிற மாதம். அதைக் கணக்குப் பண்ணித்தான் வந்தாள். கடைசிப் பத்து வருஷத்தில் விடுப்பில் வந்த காலமெல்லாம் பூ இல்லாத மாதங்களாகவே அமைந்தன. கல்யாணம் அவளுக்கு வாய்க்கவில்லை, அதைப் பற்றிப் பேசவும் அவள் யாரையும் விட்டதில்லை. இனிச் சாயங்காலத்துக்குச் சாயங்காலம் பள்ளத்தில் போய் உட்காருவது ஒன்றுதான் அவள் போட்டு வைத்திருந்த திட்டம்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவளைக் கூப்பிட்டுப்போக வந்தவன் தம்பி. ஊரே அவனை ஊமையன் என்று கூப்பிடும். பேசத் தெரியாதவன் அல்ல, பேசுகிற வேலையைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டவன். பெட்டிகளை இடது கையாலேயே ஒவ்வொன்றாகத் தூக்கினான். வலது கை விலாவோடு ஒட்டித் தொங்கியது.

"கைக்கு என்னடா?"

"மாடு."

அதற்கு மேல் அவனிடமிருந்து வராது. வீட்டுக்கு வந்ததும் அவன் பெண்டாட்டி டீயை வைத்துவிட்டு மீதியைச் சொன்னாள்.

"கருப்பி சறுக்கி விழுந்துச்சு அண்ணி. தூணுக்கும் மாட்டுக்கும் நடுவுல உங்க தம்பி. கத்தவாவது செஞ்சாரா? நான் போய்ப் பாக்குறப்ப செவுத்துல ஒட்டின போஸ்டர் மாதிரி நிக்கறாரு. தோள்பட்டை போச்சு. இந்த உசரத்துக்கு மேல தூக்க வராது." தன் இடுப்புக்கு நேரே கையை வைத்துக் காட்டினாள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னா நீங்க அங்கேர்ந்தே ஊசி போட்டிருப்பீங்க. அத விடுங்க. வெள்ளிக்கிழமை மாட்டு வியாபாரி வரான். அத்தனையும் ஓட்டிட்டுப் போகச் சொல்லியாச்சு."

நர்சம்மாவுக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை. "நல்லதுதானே. சாணி அள்ளினது போதும். வீடும் கொஞ்சம் வீடு மாதிரி இருக்கும்" என்றாள். டீயைக் குடித்து முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாகப் பள்ளத்துக்கு இறங்கினாள்.

பள்ளத்தில் கம்பிவேலி போட்டவள் அவள்தான். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அம்மா இறந்துபோன வருஷம் அது. விடுப்பில் வந்திருந்தவள், ஒரு மாடு குருவிவாய்த் தண்டை நடுவோடு கடித்து நிதானமாக மென்று கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கு அவள் அழுததை அம்மாவின் சாவுக்கு அழுததைவிடப் பெரிய அழுகை என்று தம்பி பெண்டாட்டி இப்போதும் சொல்வாள். மறுநாளே டவுனுக்குப் போய்க் கம்பி வாங்கி வந்தாள். பூ அடர்த்தியாக இருக்கிற இடம் பார்த்து, பள்ளத்தில் முக்கால்வாசியைச் சுற்றி முளைக்குச்சி அடித்துக் கம்பி இழுக்க வைத்தாள். மாடு தண்ணீருக்குப் போகத் தடத்தையும், ஓடையோரமாக ஒரு கீற்றையும் மட்டும் வெளியே விட்டாள். கிருமி அண்டக்கூடாத நோயாளியைத் தனியறையில் போட்டுக் கதவில் பலகை மாட்டுகிற கை அது. இதையும் அப்படியே செய்தது.

"மாடு உள்ள போகக் கூடாது. அரிவாள் படக் கூடாது. கோழி, நாய், செருப்புக்கால், ஒண்ணும் கூடாது. கேட்டுச்சாடா?"

தம்பி தலையாட்டினான். அவன் பெண்டாட்டிதான் கேட்டாள்: "கையைக் கழுவிட்டு வந்து கம்பிக்கு வெளிய நின்னு பாக்கலாமா அண்ணி? இல்ல, பார்வையாளர் நேரம் ஏதாவது இருக்கா?"

அன்றிலிருந்து அந்த இடத்துக்கு ஐ.சி.யூ. என்று பேர் வைத்துவிட்டாள். அந்தப் பேர்தான் நிலைத்தது.

வேலிக் கதவைக் கட்டியிருந்த கம்பி துருவேறி இறுகியிருந்தது. நர்சம்மா கல்லால் தட்டி முறுக்கைப் பிரித்தாள். உள்ளே புல் மார்புயரம் நின்றது. பச்சையாக நின்றது கொஞ்சம்தான். அதற்கு அடியில் போன வருஷத்துப் புல் காய்ந்து சாய்ந்து கிடந்தது, அதற்கும் அடியில் அதற்கு முந்தைய வருஷத்தது மக்கிப் பாய் போலப் படிந்திருந்தது. நடுநடுவே முள். கைவிரல் பருமனுக்கு ஏதோ மரக்கன்றுகள்கூட எழுந்துவிட்டிருந்தன. அவள் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். முழங்கால் தாங்காமல் போனபோது கையை ஊன்றித் தவழ்ந்தும் பார்த்தாள். புல் பாயை விரலால் கிழித்தால் அடியில் மண் வெளுத்துப் புழுக்கமாக இருந்தது. இலை கிடையாது, தண்டு கிடையாது. ஒரு பூ கிடையாது.

மேலே வரும்போது கையெல்லாம் முள் கீறல். தம்பி கொட்டகையில் இடது கையால் கருப்பியைக் கறந்துகொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி பக்கத்தில் செவலையைக் கறந்து கொண்டிருந்தாள்.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

பாத்திரத்தில் பால் விழுகிற சத்தம் நிற்கவில்லை.

"உன்னத்தான். மருந்து அடிச்சியா? தோண்டி யாருக்காவது குடுத்துட்டியா? ஒண்ணே ஒண்ணு பாத்துக்கச் சொன்னேன். அம்மா மாதிரி நெனச்சுப் பாத்துக்கச் சொன்னேன்."

"அண்ணி, மாடு மெரளும்."

"நீ சும்மா இரு. நான் என் தம்பிகிட்ட பேசறேன்."

"அப்ப பேசுங்க. பதில் வர்றதுக்குள்ள நான் ரெண்டு மாடு கறந்துடுவேன்."

"பூ எங்கடா?"

தம்பி எழுந்தான். பாத்திரத்தை மாடு உதைக்காத இடமாகப் பார்த்து வைத்தான். "நீ சொன்ன மாதிரிதான் வச்சிருந்தேன்" என்றான். "மாடு விடல. அரிவா வைக்கல. நானும் உள்ள போகல."

"பொய் சொல்லாத. யாரும் தொடலைன்னா அது ஏன் போகுது?"

அவள் குரல் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் வராந்தாவில் நின்று அவளிடம் இதே கேள்வியை இதே குரலில் கேட்டிருக்கிறார்கள். அவளும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

தம்பி பெண்டாட்டி செவலையின் மடியைத் துடைத்துவிட்டு எழுந்தாள். "இன்னும் எத்தன நாளுக்குங்க மூடி வைக்கறது? கூட்டிட்டுப் போய்க் காமிங்க."

தம்பி முன்னால் நடந்தான். மாட்டுத்தடம் வழியாக, வேலியை ஒட்டி, ஓடைப்பக்கம். கம்பிக்கும் ஓடைக்கும் நடுவில் அவள் வெளியே விட்ட அந்தக் கீற்று. புல் அங்கே கணுக்கால் உயரம்தான். மாட்டுக் குளம்பு பதிந்த குழிகளில் தண்ணீர் நின்றது. குழிக்கும் குழிக்கும் நடுவில், காய்ந்த சாணிக்குப் பக்கத்தில், சேற்றில், வேலிக்கம்பியில் முதுகை உரசிக்கொண்டு நின்றது குருவிவாய். ஒன்றிரண்டு இல்லை. கால் வைக்க இடம் தேட வேண்டியிருந்தது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நர்சம்மா அப்படியே ஈரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏண்டா சொல்லல?" என்றாள்.

"சொன்னா இதுக்கும் கம்பி போட்டிருப்ப."

அவளுக்கு ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டும் நடக்கவில்லை.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு. உள்ள போய்க்கிட்டே இருக்குன்னு தெரிஞ்சும் பாத்துட்டு நின்னிருக்க."

தம்பி கொஞ்சம் தள்ளி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். பேசாதவர்கள் பேச ஆரம்பித்தால் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத்தான் எடுத்து வைப்பார்கள்.

"மொத ரெண்டு வருஷம் உள்ளயும் நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் கொறைய ஆரம்பிச்சுது. எனக்கு என்ன தெரியும்? வெயில்னு நெனச்சேன், மழைன்னு நெனச்சேன். இங்க புல்லு வேணும், அறுத்தேன். மாட்ட விட்டேன். இங்க கூடிச்சு." ஓடையில் ஒரு கல்லைப் போட்டான். "அப்பறம் புரிஞ்சுது. கம்பியப் பிரிச்சிருக்கலாம். எனக்குக் கோவம்."

"என்ன கோவம்?"

"அம்மா அறுத்த எடம். நான் அறுத்த எடம். நீ லீவுல வந்து ஒரு நாள் அழுதுட்டு, என்ன உள்ள வராதன்னுட்டுப் போன. சரி, அவ சொன்ன மாதிரியே கெடக்கட்டும். வந்து பாக்கட்டும்னு விட்டுட்டேன்."

அம்மா அறுத்ததை அவள் மறக்கவில்லை. ஆனால் அவள் ஞாபகத்தில் பூ ஒரு படமாகவும் அறுப்பு வேறொரு படமாகவும் இருந்தன. பூக்கிற மாதத்தில் மாடுகளை மேல்மேட்டில் கட்டி வைப்பார்கள், பள்ளம் அப்போது சேறு, கால் புதையும். பூ உதிர்ந்து, காய் பிடித்து, காய் பழுப்பேறி வெடித்து, தரை இறுகின பிறகுதான் அம்மா புல்லரிவாளைச் சாணைக்கல்லில் தேய்ப்பாள். தேய்க்கிற சத்தம் கேட்டால் அக்காவும் தம்பியும் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அம்மா மூன்று பிடி அறுத்து ஒரு பக்கம் போடுவாள், அவர்கள் வாரிக் கட்ட வேண்டும். மதியத்துக்கு அவித்த கிழங்கும் உப்பும். கிழங்கில் புல் ஒட்டியிருக்கும், துப்பித் துப்பித் தின்பார்கள். புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றிவிடும்போது அம்மா கழுத்தில் ஒரு தட்டு தட்டுவாள், "நேரா வச்சுக்கோடி, கழுத்து என்ன கடன் வாங்கினதா" என்று. கடைசிக் கட்டு மேலேறின பிறகு மாடுகளை அவிழ்த்துவிடுவார்கள். மழை வருகிறவரைக்கும் அவை பள்ளத்தை மேய்ந்து மிதித்து உழவு ஓட்டினது போல ஆக்கிவிடும். குருவிவாய்க் காயை அக்காவும் தம்பியும் ஒருவர் தலையில் ஒருவர் உதிர்ப்பார்கள். விதை என்று சொல்ல ஒன்றும் இருக்காது, புகை மாதிரி ஒரு தூசி.

எல்லாம் ஒரே வேலை. அவள் அதிலிருந்து பூவை மட்டும் வெட்டி எடுத்து நகரத்துக்குக் கொண்டு போயிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை மாடு போயிட்டா?" என்றாள்.

"போயிட்டா புல்லு எதுக்கு? யாரு அறுப்பா?"

கம்பிக்கு உள்ளே நிற்கிற காட்டை அவள் திரும்பிப் பார்த்தாள். இன்னும் நாலைந்து வருஷத்தில் இந்தக் கீற்றும் அதுவாகிவிடும். எந்தக் கம்பியும் வேண்டியதில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் மாடுகளை விற்க வேண்டாம் என்றாள். தம்பி பெண்டாட்டி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"யாரு கறப்பா அண்ணி?"

"பேசி முடிவு பண்ணலாம்."

"பேசினா பால் வராது. இருட்டோட எழுந்து சாணி அள்ளணும், தண்ணி காட்டணும், கறக்கணும், பால் வண்டிக்கு நிக்கணும். சாயங்காலம் மறுபடியும். இவரு கை இருந்தப்பவே எனக்குப் போதும் போதும்னு இருந்துச்சு. எங்க அக்கா வீட்டுல போய் ராத் தங்கினது எப்பன்னு கேளுங்க. என் மகளுக்குப் புள்ள பொறந்தப்ப காலைல போயி சாயங்காலம் வந்தேன். பால் கட்டிக்கும்ல. மகளுக்கு இல்ல, மாட்டுக்கு." சிரித்தாள், கண்ணில் தண்ணீர் நின்றது. "உங்களுக்குப் பூ வேணும். எனக்கு ஒரு நாள் வெளிச்சம் வந்ததுக்கப்பறம் எழுந்திரிக்கணும். ரெண்டுல எதப் பாத்து வெள்ளிக்கிழமைய முடிவு பண்றது, நீங்களே சொல்லுங்க."

தம்பி கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் இருட்டோடு அவள் கொட்டகைக்குப் போனாள். வாளியை வைத்துக்கொண்டு செவலைக்கு அடியில் உட்கார்ந்தாள். சின்ன வயசில் கறந்திருக்கிறாள், கைக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைத்தாள். கைக்கு ஊசியும் நாடியும்தான் ஞாபகம் இருந்தது. மாடு பாலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. பிறகு காலை மடக்கி வாளியை எத்தியது. அவள் மல்லாந்து விழுந்தாள்.

வாசலில் நின்றிருந்த தம்பி பெண்டாட்டி வந்து தூக்கிவிட்டாள். "என்ன அண்ணி, பேஷண்ட் ஒத்துழைக்கலையா?"

"சிரிக்காத. எப்படின்னு சொல்லு."

"பிடிச்சு இழுக்காதீங்க. மேல அடைச்சு, கீழ விரல் விரலா மூடணும். அதுக்கு மின்னாடி கொஞ்சம் பேசணும் அதுகிட்ட. உங்க தம்பி பேசற ஒரே பொம்பள அதுதான்."

வெள்ளிக்கிழமைக்குள் அவளுக்கு அரை வாளி கறக்க வந்தது. மணிக்கட்டு வீங்கிவிட்டது. முழங்காலுக்குத் தைலம் போட்டுத் துணி சுற்றிக்கொண்டு சாணி அள்ளினாள். யாரும் அவளைப் பாராட்டவில்லை. அள்ளாமல் விட்ட மூலையை மட்டும் காட்டினார்கள்.

வியாபாரி லாரியோடு வந்தான். பெரிய தொப்பை, சின்னக் குரல். மாடுகளின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "அத்தனையும் ஏத்திரலாமா?" என்றான்.

"செவலைய விட்டுட்டு மத்ததை ஏத்துங்க" என்றாள் நர்சம்மா.

"அம்மா, செவலைக்காகத்தான் மத்ததையே பாக்கறேன். அத விட்டா நான் என்ன, அனாதை ஆசிரமமா நடத்தறேன்?"

"அப்ப கருப்பிய விடுங்க."

"கருப்பி என் கையத் தின்ன மாடு" என்றான் தம்பி. அவன் சொன்னது வியாபாரியிடமா அக்காவிடமா என்று தெரியவில்லை.

"தெரிஞ்ச சனியன்தானே. இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

தம்பி பெண்டாட்டி குறுக்கே வந்து நின்றாள். "பாத்துக்கறதுன்னா அண்ணி, கம்பி போட்டு வெளிய நின்னு பாக்கறது இல்ல."

"தெரியும்."

"உடம்பு சரியில்ல, முட்டி வலின்னு ஒரு நாள் படுத்தீங்கன்னா, நான் எழுந்து வர மாட்டேன். மாடு கத்தினாலும் வர மாட்டேன்."

"வராத."

"சத்தியமா வர மாட்டேன்."

"சரிம்மா. வராத. உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வா. எப்ப வேணுமோ அப்ப வா."

தம்பி பெண்டாட்டி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போனாள், பெட்டியை இறக்குகிற சத்தம் கேட்டது. லாரி மற்ற மாடுகளோடு திரும்பிப் போகும்போது அதன் முன்சீட்டிலேயே ஏறி, வழியில் இறங்கிக்கொள்கிறேன் என்று அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். வளைவு தாண்டுகிற வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது பூவெல்லாம் உதிர்ந்திருந்தது, வேலியும் இல்லை. நர்சம்மாவும் தம்பியும் சேர்ந்து பிரித்திருந்தார்கள். அக்கா முளைகளை ஆட்டிப் பிடுங்க, அவன் ஒற்றைக் கையால் கம்பியைச் சுருட்டினான். முள்ளையும் மரக்கன்றுகளையும் அவளே வெட்டினாள், வெட்டின நேரத்தைவிட உட்கார்ந்த நேரம் அதிகம். கருப்பியை உள்ளே விட்டார்கள். பழைய புல்லை அது தின்னவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே படுத்துக்கொண்டது.

"உள்ள மறுபடி வருமாடா?"

"மண்ணுக்குள்ள கெழங்கு உசுரோட இருந்தா வரும். இல்லாட்டி இங்கேர்ந்து வெத போயி விழுந்து வரணும். நாம பாப்போமான்னு தெரியாது."

காய்கள் பழுப்பேறின. தரை இறுகியது. வானம் பார்த்து, மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று தெரிந்த ஒரு காலையில் அவள் ஓடையோரக் கீற்றில் அரிவாளோடு இறங்கினாள். தம்பி கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். அவனால் அறுக்க முடியாது. ஏவ முடியும், அதில் இப்போது கொஞ்சம் ருசி கண்டிருந்தான்.

"அடியோட பிடி. மேல பிடிச்சா கை போகும்."

"வாய மூடு. ஊமையன்னு பேர் வச்சவன் செவிடனாத்தான் இருக்கணும்."

வெறும் புல்லை அறுத்துக்கொண்டே வந்தவள் குருவிவாய்த் தண்டுகள் நிற்கிற இடத்தில் நின்றாள். காய்கள் மேல்பக்கம் கீறல் விட்டு வெடித்திருந்தன. வறண்ட குச்சிகள், அவ்வளவுதான். ஆனாலும் கை போகவில்லை. தண்டுகளைச் சுற்றி அறுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இத விட்டுட்டு அறுக்கவா?"

"ஒவ்வொண்ணையும் சுத்திச் சுத்திப் போனா இந்த வருஷம் முடியாது. அம்மா விட்டாளா?"

விடவில்லை. அம்மா எதையும் பார்த்து அறுத்ததில்லை. பூவா புல்லா என்று பார்க்க அவளுக்கு நேரமும் இருந்ததில்லை. அவளுக்கு மாடு இருந்தது, மழை வரப்போகிறது என்பது இருந்தது.

நர்சம்மா இடது கையால் தண்டுகளையும் புல்லையும் ஒன்றாக வளைத்துப் பிடித்தாள். பிடியில் காய்கள் நொறுங்கின. தூசி கிளம்பி அவள் கையில், முந்தானையில், ஓடையில், காற்று போன திசையில் வேலி பிரித்துப் போட்டிருந்த பள்ளத்தில் எல்லாம் விழுந்தது. அது எங்கே விழுகிறது என்று அவள் பார்க்கவில்லை. அரிவாளை அடியில் கொடுத்து இழுத்தாள். அறுபட்டது. பக்கத்தில் போட்டுவிட்டு அடுத்த பிடிக்குக் கையை நீட்டினாள்.